நிற்பதற்கு ஒரு காரணம்

அந்தப் பெரியம்மாவை நினைத்தால் அவர் நடந்து வருவது போல் எனக்கு ஞாபகம் வருவதே இல்லை. நின்றுகொண்டிருப்பது போல்தான் வருகிறார். ஒரு கை சுவரில், ஒரு கை இடுப்பில், முகத்தில் ஏதோ விசாரணைக்கு வந்த அதிகாரியின் களை. எங்கள் பிளாட்டின் மாடிப்படிகளில் அவர் நிற்காத திருப்பம் கிடையாது.

பிளாட் பினாங்கின் ஜார்ஜ் டவுனில், லிட்டில் இந்தியாவிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்தது. ஐந்து மாடி, லிப்ட் இல்லை. நாங்கள் மூன்றாவது மாடி, அவர் ஐந்தாவது மாடியில் தனியாக இருந்தார். எழுபத்து நான்கு வயது. எங்களுக்கு உறவு ஒன்றும் கிடையாது. பிளாட்டில் இருந்த தமிழர்களுக்கெல்லாம் அவர் பெரியம்மா, சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் ஆண்ட்டி. அவருடைய பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

காலையில் மீன், காய்கறி வாங்கப் பாசாருக்கு இறங்கிப் போக அவருக்கு ஐந்து நிமிடம் ஆகும். திரும்பி ஏற ஒரு மணி நேரம். ஏன் என்று யாருக்கும் கேட்கத் தோன்றியதில்லை. ஒவ்வொரு மாடியிலும் அவருக்கு வேலை இருந்தது.

முதல் மாடியில் அறிவிப்புப் பலகை. அதில் தண்ணீர் நிறுத்தப்படும் நாளைச் சொல்லும் தாள் ஒன்று, அந்த நாள் போய் இரண்டு மாதமாகியும் கிழிக்கப்படாமல் தொங்கியது. அதைத் தினமும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிப்பார்.

"அது முடிஞ்சு போச்சு பெரியம்மா," என்றேன் ஒரு நாள்.

"முடிஞ்சு போனத யாராச்சும் ஒழுங்கா படிச்சாங்களா? அதுக்குத்தான் படிக்கிறேன்."

இரண்டாவது மாடியில் ஒரு சீனப் பெரியவர் வாசலில் கூண்டு மாட்டி, மெர்போக் புறா ஒன்று வளர்த்தார். பெரியம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு அதனிடம் தமிழில் பேசுவார். சாப்பிட்டியா, ஏன் இளைச்சுட்ட, உங்க ஐயா சரியா கவனிக்கறது இல்லையா. புறா ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. ஆனால் சீனப் பெரியவர் என்னைப் பார்த்து மலாயில் குறைப்பட்டுக்கொண்டார்: "இப்ப அதுக்குத் தமிழ் மட்டும்தான் புரியுது. நான் ஹொக்கியன்ல கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்கறதில்ல."

மூன்றாவது மாடியில் எங்கள் வீட்டு இரும்புக் கதவு. அதன் கம்பிகளில் விரலைக் கோத்துக்கொண்டு, மூக்கை உள்ளே நீட்டுவார்.

"நெத்திலியா? புளிய ஜாஸ்தி ஊத்திட்டா உங்க அம்மா."

என் அம்மா கடலுக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் தரை துடைக்கும் வேலையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நிதானமாகச் சமைப்பார். அந்தச் சமையலையும் ஒருவர் கதவுக்கு வெளியே நின்று திருத்தினால் கோபம் வராதா? "காலு போனாலும் மூக்கு இங்கதான் நிக்குது," என்று உள்ளிருந்து முணுமுணுப்பார். பெரியம்மாவுக்குக் கேட்கும். கேட்டதற்கு அடையாளமாக, இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாக நின்றுவிட்டுப் போவார்.

நான்காவது மாடியில்தான் பெரிய வேலை. அங்கே புதிதாகக் கல்யாணமான ஜோடி. கணவன் மோட்டார் சைக்கிளில் பிறைக்குப் போய் வருபவன். வேலை முடிந்து வரும்போது கடையில் சாப்பாடு தாப்பாவ் பண்ணி, பொட்டலமாக வாங்கி வரச் சொன்னால் மறந்துவிட்டு வந்து நிற்பான். மறந்தது ஒரு சண்டை, மறந்ததை மறுத்தது இன்னொரு சண்டை. பெரியம்மா அங்கே வந்து கைப்பிடியைப் பற்றி நின்றதும் சண்டை நீதிமன்றமாகிவிடும்.

"ரெண்டு பேரும் ஒண்ணா கத்துனா நான் யாருக்குத் தீர்ப்பு சொல்றது? மொதல்ல நீ சொல்லு. அப்புறம் அவ."

இரண்டு தரப்பும் சொல்லி முடித்த பிறகு ஒரு நீண்ட மௌனம். தலையைக் குனிந்து, கண்ணை மூடி, உதட்டை அழுத்திக்கொண்டு நிற்பார். அந்த மௌனத்திலேயே கணவன் பாதி தப்பை ஒப்புக்கொண்டுவிடுவான். இப்படி யோசித்துத் தீர்ப்பு சொல்லும் ஒருவரை பினாங்கு முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது என்று அந்தப் பெண் என் அம்மாவிடம் சொன்னாள்.

நான்காவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் ஒரு படியில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். டப்பாவைத் திறந்து, வெற்றிலையைத் துடைத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பைத் தடவி, பாக்கை வைத்து மடிப்பதற்குக் கால் மணி நேரம். யாராவது கீழிருந்து வந்து ஒதுங்கி நின்றால், "போ போ. மாடி எங்கயும் ஓடிறாது லா," என்பார்.

அவருக்கு ஒரே மகன். பிறைக்குப் பக்கத்தில் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அங்கேயே வீடு, ஒரே தரை, வாசலில் ஒரு படிகூட இல்லை. நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன், அவருக்கு ஐம்பது வயது ஆகியிருந்தாலும். ஞாயிறு தவறாமல் வருவார். வந்ததும் அதே பேச்சு.

"வாங்கம்மா என்கூட. தனியா எதுக்கு இந்த அஞ்சு மாடி?"

பெரியம்மா அவரைச் சமையலறை ஜன்னலுக்கு இழுத்துப்போய்க் கடலுக்கு அந்தப் பக்கம் கையை நீட்டுவார்.

"அதோ தெரியுது பாரு உன் வீடு. தினமும் நான் பார்த்துட்டுத்தானே இருக்கேன். அப்புறம் எதுக்கு வரணும்?"

அவர் காட்டிய இடத்தில் தெரிந்தது பிறை மின்நிலையத்தின் புகைபோக்கி. மகன் அதைச் சொல்லிப் பார்த்துக் களைத்துவிட்டார். ஒரு நாள் பேச்சு முற்றியபோது பெரியம்மா ஒரு வாக்குக் கொடுத்தார். எங்கள் வீடு வரைக்கும் கேட்ட வாக்கு அது.

"என்னால படி ஏற முடியலன்னு என் வாயால சொல்ற அன்னிக்கி வந்து சாமானத் தூக்கு. அது வரைக்கும் இந்தப் பேச்சு வேணாம்."

அந்த ஐந்தாவது மாடி வீட்டில்தான் அவர் கணவரோடு இருந்தார், கணவர் போன பிறகும் இருந்தார். ஜன்னலைத் திறந்தால் கப்பல்கள். கதவைத் திறந்தால் ஐந்து மாடி உலகம். அதையெல்லாம் காப்பாற்ற அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லக் கூடாது.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். டிப்ளோமா முடித்து, ஜார்ஜ் டவுனிலேயே ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. இதயத்தை ஒலி அலைகளால் படம் பிடிக்கும் வேலை. முதல் நாள் சீருடையைப் போட்டுக்கொண்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தேவையே இல்லாமல் மார்க்கெட் ஸ்திரீட் வழியாகச் சுற்றி பஸ்ஸுக்குப் போனேன். லாரியில் மூட்டை ஏற்றும் என் அப்பா, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

பெரியம்மா படியில் நின்றபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டாக்டரம்மா வருது, வழி விடுங்க."

"டாக்டர் இல்ல பெரியம்மா. படம் எடுக்கறவ."

"போட்டோகாரியா? அடுத்த மாசம் ஒரு கல்யாணம் இருக்கு, வர்றியா?"

ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்கள் கதவுக்கு வெளியே நின்று, சாம்பாரில் பெருங்காயம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். 'பெருங்' என்பதோடு சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தால், கம்பியிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக நழுவ, சுவரில் சாய்ந்தபடியே கீழே சரிந்துகொண்டிருந்தார். நான் ஓடிப்போய்த் தலையைத் தாங்கினேன். அரை நிமிடம்கூட இருக்காது, கண்ணைத் திறந்தார்.

"யாரு இந்தத் தரையத் துடைச்சது? வழுக்குது."

ஒரு வாரமாக யாரும் துடைக்கவில்லை. என் அம்மாவுக்கு அந்த நேரத்திலும் ரோஷம் வந்தது. "நான் துடைச்சா வழுக்காது பெரியம்மா," என்றார், தண்ணீர்க் குவளையோடு குனிந்தபடி.

அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி மெதுவாக, தயங்கித் தயங்கி மேலே வந்தது. அதுவும் படி ஏறிக்கொண்டிருப்பது போல் இருந்தது. இவர் ஏன் ஒவ்வொரு மாடியிலும் நிற்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அறிவிப்புத் தாள், அந்தப் புறா, அந்த நெத்திலிக் குழம்பு, அந்தத் தீர்ப்புக்கு முன் வரும் மௌனம், எல்லாமே மூச்சு. தினமும் மனித இதயத்தைப் பார்ப்பவள் என்று பெருமையடித்துக்கொண்ட எனக்கு, என் வாசலில் நின்ற இதயம் தெரியவில்லை.

மருத்துவமனைக்கு வரச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. "அண்ணன் காதுக்குப் போகக் கூடாது."

மருத்துவர் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டவுடனே படம் எடுக்க அனுப்பிவிட்டார். அன்றைக்கு என் அறை. பெரியம்மா இடது பக்கமாகச் சாய்ந்து படுத்து, திரையைத் தொலைக்காட்சி பார்ப்பது போல் பார்த்தார்.

இதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் வெளியேறும் வாசலில் ஒரு வால்வு இருக்கிறது. மூன்று மெல்லிய இதழ்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து வழிவிட்டு மூட வேண்டும். சிலருக்கு வயதாக ஆக அதில் கால்சியம் படிந்து, இதழ்கள் இறுகி, வாசல் குறுகிவிடும். பெரியம்மாவின் வால்வில் எனக்கு இதழ்களே தெரியவில்லை. வெள்ளையாக ஒரு கட்டி, நடுவில் நகக்கீறல் போல் ஒரு வழி. அந்தக் கீறல் வழியாகத்தான் பிளாட்டின் குடும்பங்கள் அத்தனைக்கும் தீர்ப்பு சொல்லும் உடம்புக்கு இரத்தம் போய்க்கொண்டிருந்தது. கருவியின் ஒலியைக் கூட்டினேன். சீறிக்கொண்டு வந்தது.

"என்ன சத்தம் அது? குக்கரா?"

"உங்க ரத்தம் பெரியம்மா."

"எதுக்கு இப்படிக் கோவமா போவுது?"

படம் எடுப்பது மட்டும்தான் என் வேலை. என்ன தெரிந்தது என்று நோயாளிக்குச் சொல்வது மருத்துவரின் வேலை. முதல் நாளே சொல்லித் தந்த விதி அது. நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். பெரியம்மா கழுத்தைத் திருப்பி, "படிச்ச புள்ளைக்கு இதச் சொல்லத் தெரியாதா?" என்றார். அவ்வளவுதான்.

"வால்வுல சுண்ணாம்பு படிஞ்சிருக்கு பெரியம்மா. கெட்டில் அடியில வெள்ளையாப் படியும் பாருங்க, அது மாதிரி. அதான் வழி அடைச்சிருக்கு."

அவர் திரையிலிருந்த வெள்ளைக் கட்டியை உற்றுப் பார்த்தார். பிறகு, "சுண்ணாம்பா," என்று ஒரே ஒரு முறை சொன்னார்.

எனக்கு அன்றைக்கு வீடு வரைக்கும் கால் தரையில் படவில்லை. என்னோடு வேலை செய்பவர்கள் எல்லாரும் ஆங்கிலத்தில் தடுமாறும் விஷயத்தை நான் தமிழில், சமையலறைப் பாத்திரத்தை வைத்து, இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டேன் அல்லவா.

மறுநாள் காலை பெரியம்மாவின் வெற்றிலை டப்பா குப்பைத் தொட்டியில் கிடந்தது. அறுபது வருஷப் பழக்கம். சுண்ணாம்பு வெற்றிலையிலிருந்துதான் இதயத்துக்குப் போனது என்று முடிவு செய்துவிட்டார். அதோடு விட்டாரா? இப்போது ஒவ்வொரு மாடியிலும் நிற்க அவருக்குப் புதிய காரணம் கிடைத்துவிட்டது. சுண்ணாம்பைப் பற்றிய பிரசங்கம். முதல் மாடியில் ஆரம்பித்து நான்காவது மாடியில் முடிப்பார். ஒரு வாரத்தில் சீனப் பெரியவர், புறா கொத்துவதற்காகக் கூண்டில் மாட்டியிருந்த கணவாய் மீனின் சுண்ணாம்பு ஓட்டைக் கழற்றி எறிந்தார். நான்காவது மாடிப் பெண் பல் தேய்க்கும் பசையைச் சந்தேகப்பட்டாள். என் அப்பா, தீபாவளிக்குச் சுவருக்கு வெள்ளையடிக்கும் திட்டத்தைக் கைவிட்டார். அவர் வெகு நாளாக ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தார்.

"புள்ள சொல்லுச்சு, படிச்ச புள்ள," என்று எல்லா இடத்திலும் என் பெயர்தான். முதலில் எனக்கு அது கொஞ்சம் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மருத்துவர் அவரைக் கூப்பிட்டு ஒழுங்காகச் சொன்னார். இது மருந்தால் கரையாது, வால்வை மாற்ற வேண்டும், மார்பைத் திறக்காமல் தொடை இரத்தக் குழாய் வழியாகவே புது வால்வைக் கொண்டுபோய் வைக்கலாம், தாமதம் வேண்டாம். பெரியம்மா தலையாட்டிவிட்டு வந்து, படியில் என்னிடம் சொன்னார்.

"டாக்டரு நல்ல புள்ளதான். ஆனா சின்ன வயசு. கெட்டில் கழுவியிருக்க மாட்டான்."

"கெட்டிலா?"

"கெட்டில்ல சுண்ணாம்பு புடிச்சா என்னா செய்வோம்? மாத்தவா செய்வோம்? எலுமிச்சம்பழம் புழிஞ்சு ஊற வைப்போம்."

அன்றிலிருந்து அசாம்போய். உப்பில் ஊறிக் காய்ந்த புளிப்புப் பழத்தை எலுமிச்சைச் சாற்றில் போட்டு, வெயிலுக்குக் குடிக்கும் பானம். பினாங்கில் கடைக்குக் கடை கிடைக்கும். பெரியம்மா அதை வீட்டிலேயே பாட்டில் பாட்டிலாகக் கலக்கினார். ஒவ்வொரு மாடியிலும் நின்று இரண்டு மடக்கு. அறுவை சிகிச்சைப் பிரிவில் கொடுத்த தேதிக்குப் போகவே இல்லை.

"கரையுது. எனக்கே தெரியுது. பேரப் பாரு, அசாம் 'போய்'. சுண்ணாம்பு போயிரும்."

சிரிப்புத்தான் வந்தது. ஆனால் இரண்டாவது வாரம் அவர் செருப்பு வார் காலில் பதிந்து பள்ளமாகிக் கிடந்ததைப் பார்த்தேன். பழத்திலிருந்த உப்பு உடம்பில் தண்ணீரைத் தேக்கியிருந்தது. இப்போது திருப்பங்களில் மட்டும் அவர் நிற்கவில்லை. ஏழெட்டுப் படிக்கு ஒரு முறை நின்றார். நடுப்படியில் நின்றால் என்ன காரணம் சொல்வது? அங்கே அறிவிப்பும் கிடையாது, புறாவும் கிடையாது. ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வரும்போது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னா பெரியம்மா பார்க்கறீங்க?"

ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டார்.

"சுவரு," என்றார்.

அவரிடம் காரணங்கள் தீர்ந்துபோய்விட்டன. இந்த நோயில் மயக்கம் வந்துவிட்டால் காலம் அதிகம் இருக்காது என்று நான் படித்திருந்தேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

அன்றிலிருந்து தினமும் பேசிப் பார்த்தேன். வெற்றிலைச் சுண்ணாம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன். குடிக்கும் புளிப்பு வயிற்றுக்குப் போகும், வால்வுக்குப் போகாது என்றேன். அவர் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"சுண்ணாம்புன்னு சொன்னது யாரு?"

"நான்தான். ஆனா அது ஒரு மாதிரி உதாரணத்துக்கு..."

"கெட்டில்னு சொன்னது யாரு?"

"அதுவும் நான்தான். அது ஒரு விதத்துல சரி பெரியம்மா, இன்னொரு விதத்துல..."

"சுத்தி வளைக்கறா பாரு," என்று பாட்டிலைத் திறந்தார்.

நான் சொன்னது தவறு என்று மட்டும் என் வாயில் வரவில்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையில் முதல் முறையாக ஒருவர் சொல்வதை நாலு பேர் கேட்கிறார்கள். அதை நானே போய்ப் பொய்யாக்குவதா? மூன்று வாரம் இப்படி ஓடியது. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, அவர் வழக்கமாக உட்காரும் படிக்குக் கீழ்ப்படியில் போய் உட்கார்ந்தேன். வெற்றிலை இல்லாததால் அவர் கைகள் சும்மா மடியில் கிடந்தன.

"நான் சொன்னது தப்பு பெரியம்மா. அந்த வார்த்தையே தப்பு. உங்ககிட்ட சொல்றதுக்கு எனக்கு உரிமையும் இல்ல. பெருமைக்குச் சொல்லிட்டேன்."

அவர் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார். நான்காவது மாடித் தம்பதி பயப்படும் அந்த மௌனம். மூச்சு திரும்பட்டும் என்று காத்திருந்தேன்.

"இத ஒத்துக்க உனக்கு எத்தன நாளாச்சு?"

"மூணு வாரம்."

"பரவால்ல. எனக்கு மூணு வருஷம்." பாட்டிலை என் கையில் கொடுத்தார். "முடியல பாப்பா. மூச்சு முட்டுது. ராத்திரியில படுத்தா தண்ணிக்குள்ள கெடக்கற மாதிரி இருக்கு. இதச் சொன்னா வீடு போயிரும்."

அந்த ஞாயிறு மகன் வந்தபோது என்னையும் கூடவே இருக்கச் சொன்னார். மகன் வியர்வையோடு வந்து நாற்காலியில் விழுந்தார். பெரியம்மா ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"என்னால படி ஏற முடியலடா."

ஜெயித்துவிட்டோம் என்ற முகம் அவருக்கு வரும் என்று நினைத்தேன். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்னாலயும்தாம்மா முடியல. ரெண்டாவது மாடியில போன் பேசற மாதிரி நின்னுட்டுத்தான் வருவேன்."

"தெரியும். போனத் தலைகீழா புடிச்சிருப்ப," என்றார் பெரியம்மா.

பிறகு நான் முழுக்கதையையும் சொன்னேன், என் பங்கையும் சேர்த்து. அண்ணன் என்னைத் திட்டவில்லை. வால்வு மாற்றினால் அம்மா இந்தப் படிகளை ஏற முடியுமா என்று மட்டும் கேட்டார். பதில் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. "அத டாக்டர்கிட்ட கேளுங்கண்ணே," என்றேன். பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மருத்துவர், பெரும்பாலும் முடியும், ஆனால் உறுதி தர முடியாது என்றார். அம்மாவும் மகனும் அங்கேயே ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். மாற்றிக்கொண்டு வந்து, ஏற முடிந்தால் ஐந்தாவது மாடி. ஏற முடியாவிட்டால் புக்கிட் தெங்கா.

சம்மதக் கையெழுத்துக்கு முன்னால் இன்னொரு தடங்கல் இருந்தது. புது வால்வின் இதழ்கள் மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் சவ்வில் செய்தவை என்று மருத்துவர் சொல்லி, என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். பெரியம்மா வாழ்நாளில் மாட்டிறைச்சியைத் தொட்டதில்லை. விருந்தில் பக்கத்து மேசையில் இருந்தால்கூட எழுந்து போய்விடுவார். நான் சொல்லைத் தேடினேன். அழகான சொல், சுற்றுச் சொல், எதுவும் வேண்டாம் என்று நேராகச் சொன்னேன்.

"மாட்டோட சவ்வு பெரியம்மா. மாட்டுலேருந்து எடுத்தது."

"எந்த ஊரு மாடு?"

மருத்துவரிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

பெரியம்மா வெகு நேரம் யோசித்தார். இந்த முறை அது மூச்சா யோசனையா என்று எனக்கே விளங்கவில்லை. "நான் அதச் சாப்பிடல. அதுதான் என்னத் தேடிக்கிட்டு உள்ள வருது," என்றார். "பால் குடுத்தப்ப வேணாம்னு சொன்னேனா? வரட்டும்." பேனாவை வாங்கிக்கொண்டார்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிழைத்தார். மூன்று வாரம் புக்கிட் தெங்காவில் இருந்தார். அங்கே ஒரே தரையாக இருப்பதால் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை என்று குறை சொன்னார். திரும்பி வந்து, பாசார் பையோடு ஐந்து மாடியையும் ஏறினார். நான் வேலை மாற்றிக்கொண்டு கோலாலம்பூர் வரும்போதும் அங்கேதான் இருந்தார். பிளாட்டில் இருந்தவர்களுக்குத்தான் மனக்குறை. ஆண்ட்டி இப்போதெல்லாம் நிற்காமல் போகிறார், கர்வம் வந்துவிட்டது என்றார்கள். நான்காவது மாடியில் சண்டைகள் தீர்ப்பில்லாமல் நீண்டன. சீனப் பெரியவர் என்னைப் படியில் மறித்து, "உங்க ஆஸ்பத்திரியில நல்ல மனுஷியக் கெடுத்துட்டீங்க," என்று மலாயில் சொன்னார்.

ஆனால் எனக்கு அவர் ஞாபகமாக இருப்பது அதற்கு முந்தைய ஒரு காலை. வால்வு வைக்கும் நாள். சிகிச்சை அறைக் கதவு வரைக்கும் கூடவே வர எனக்கு அனுமதி கிடைத்தது. மகன் வெளியே உட்கார்ந்திருந்தார். ஒரு மலாய் நர்ஸ் படுக்கை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். நான் பக்கத்தில் நடந்தேன். பச்சை உடையும் தொப்பியும் போட்டுப் படுக்க வைத்ததில் பெரியம்மா ரொம்பச் சின்னதாகிப் போயிருந்தார். நீளமான நடைபாதை. உள்ளே போகும் கதவுக்குப் பத்தடி இருக்கும்போது வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்தச் சொல்லு."

நர்ஸ் நிறுத்தி, ஏன் என்பது போல் என்னைப் பார்த்தார். பெரியம்மாவின் கண்கள் கூரையில் ஓடின. சுவரில் ஓடின. விளக்கு, கடிகாரம், தீயணைப்புப் பெட்டி. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வார், அதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். கண்கள் திரும்பி வந்து என்னிடம் நின்றன.

"பயமா இருக்கு," என்றார். "அதான். வேற ஒண்ணுமில்ல."

நர்ஸிடம் என்ன சொல்வது? மலாயில் அதற்கு ஒரு சின்னச் சொல் இருக்கிறது. அதை மட்டும் சொன்னேன். "தாக்குட்."

நர்ஸ் தலையசைத்து, வண்டியின் பிரேக்கைக் காலால் அழுத்தினார். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் நாங்கள் மூவரும் அங்கேயே நின்றோம்.